ஐந்து பச்சைப் பொட்டு

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடிக் கூடிக் கலைகிறது. எட்டு மணிக்கு பார்சல் குடோனுக்குள் நுழைந்தால் திருச்சி லாரியும் சென்னை லாரியும் ஒன்றாக வந்து நிற்கின்றன. தீபாவளிக்குச் சரியாக இரண்டு வாரம். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துச் சேலையும் சட்டையும் எங்கள் கை வழியாகத்தான் போக வேண்டும்.

இன்று நான் நின்ற இடங்கள்: லாரி இறக்குதல், ஒன்பதரை வரை. பிறகு ஸ்கேன். பிறகு ஊர் பிரித்தல். சாப்பாட்டு நேரத்தில் மூட்டை கட்டுதல் (கட்டுகிற ஆள் வரவில்லை. நான் சாப்பிட்டது மூன்று மணிக்கு, நின்றபடி). கடைசியில் கம்ப்யூட்டர். ஐந்தும் ஒரே நாளில். இடுப்பு கழன்றுவிட்டது.

தண்ணீர் கேன் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு சார்ட். ஒட்டியவர் இன்சார்ஜ் குமரன் சார் (எழுத நேரமில்லை, இனி கு.சா.). இடது பக்கம் எங்கள் பெயர்கள், மேலே ஐந்து வேலைகள். நன்றாகத் தெரிந்தால் பச்சை ஸ்டிக்கர், அரைகுறைக்கு மஞ்சள், தெரியாவிட்டால் சிவப்பு. எல்லாம் வட்ட வட்டமாக இருப்பதால் பெண்கள் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு பேரில் ஐந்தும் பச்சை ஒருத்திக்குத்தான். தமிழரசி. நான்.

"நம்ம குடோனுக்கு ஸ்டெப்னி அரசிம்மாதான். எந்த டயரு பஞ்சரானாலும் கொண்டுபோயி மாட்டிக்கலாம்" என்றார் கு.சா. பாராட்டாம். லாரி ஆட்கள் மூக்கால் சிரித்தார்கள். ஸ்டெப்னிக்கு ஊரில் சின்ன வீடு என்று இன்னொரு அர்த்தம் உண்டு, அது அவர்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். காது சுட்டது. ஆனாலும் பொய் எழுதக்கூடாது. தண்ணீர் பிடிக்கப் போன சாக்கில் அந்த ஐந்து பொட்டையும் இரண்டு தடவை எண்ணினேன்.

எல்லாம் தெரிந்தவளுக்கு இடம் கிடையாது என்பதையும் எழுதி வைக்கிறேன். மற்றவர்கள் காலையில் வந்ததும் அவரவர் இடத்தில் போய் நிற்கிறார்கள். நான் கதவு பக்கத்தில் நின்று "சார், இன்னைக்கு எங்கேங்க?" என்று கேட்க வேண்டும். சாப்பாட்டுப் பையை மாட்ட ஒரு ஆணி எனக்கென்று இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

கயலுக்கு டெஸ்ட். ப்ளஸ் டூ வந்ததிலிருந்து வீட்டில் மகள் வைத்ததுதான் சட்டம். தக்காளி வாங்கணும். கேஸ் புக் பண்ணணும்.

இன்று பாதி நாள் ஜெசிந்தா மேஜை பக்கத்தில் வேலை. புரியாத விலாச மேஜை அது. லேபிள் கிழிந்தது, நனைந்தது, இங்கிலீஷில் ஊர் பேரைக் கன்னாபின்னா என்று அடித்தது எல்லாம் அவளிடம் போகும். அவள் பார்த்து எந்த ஊர் என்று மேலே எழுதுவாள். தா.பழூர் பக்கத்துப் பெண், இங்கே பெரம்பலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வயது இருபத்தெட்டு. சார்ட்டில் அவளுக்கு ஒரே பச்சை, நான்கு சிவப்பு.

ஆனால் ஸ்கேன் மிஷினை அவள் என்னைவிட வேகமாகப் பிடிப்பாள். நான்தான் ஆறு மாதம் முன்பு சொல்லிக்கொடுத்தேன். கு.சா.வுக்குத் தெரியாது. லோடு குவியும்போது எனக்குக் கை கொடுக்க ஆள் வேண்டாமா.

அவள் ஐடி போட்டால் மிஷின் திறக்காது. ஒவ்வொருத்தர் ஐடிக்கும் அவரவர் வேலை மட்டும்தான் திறக்கும். என் ஐடிக்கு எல்லாம் திறக்கும். அதனால் கு.சா. என் நம்பரை மார்க்கரால் வெள்ளை டேப்பில் எழுதி மிஷின் முதுகில் ஒட்டிவைத்திருக்கிறார், நான் வேறு இடத்தில் நிற்கும்போது வேலை நிற்கக்கூடாது என்று. "அரசிக்கா நம்பரு போடு, தொறந்துக்கும்." ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இது காதில் விழும். குடோன் சாவி என் இடுப்பில் இருக்கிற மாதிரி ஒரு பெருமை.

அக்டோபர் 8, புதன்

எழுத்து கோணல்.

பதினோரு மணிக்கு கு.சா. கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டார். "உக்காருங்கம்மா" என்றார். மூன்று வருஷத்தில் அந்த மனிதர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை.

"மூணு ஃபோன் பார்சலும்மா. மூணாந்தேதி வெள்ளிக்கிழமை வந்துருக்கு. கீழப்பழுவூர் கடைக்குப் போகணும். போய்ச் சேரல."

"நான் பாக்குறேங்க சார்."

"பாத்தாச்சு. எறக்குனது உங்க ஐடி. ஸ்கேன் பண்ணது உங்க ஐடி. மூட்டை கட்டுனதும் உங்க ஐடி. எல்லா எடத்துலயும் நீங்கதான் இருக்கீங்க."

"எல்லாரும் என் நம்பரைத்தானங்க சார் போடுறாங்க. நீங்கதானே ஒட்டி..."

"அதை இப்பப் பேசாதீங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "திருச்சியிலேர்ந்து ஆளு வருவாங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும்னு சொல்றாங்க, நான்தான் பொறுங்கன்னு சொல்லிருக்கேன்." கொஞ்சம் விட்டு, "கீழப்பழுவூரு உங்க பொறந்த ஊருதானே?"

ஆமாம் என்றேன். அதை ஏன் கேட்டார் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

மிஷின் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். முதுகில் டேப் இல்லை. பசை மட்டும் பிசுபிசுவென்று.

அக்டோபர் 9, வியாழன்

நாலு தரம் கக்கூஸ். சோறு இறங்கவில்லை.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் தண்ணீர் குடிப்பார்கள்.

கு.சா. ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு விசாரித்தார். கதவு சாத்தவில்லை. காதில் விழுந்தவை:

"எனக்கு எறக்கத்தாங்க தெரியும். அந்த மிஷினைத் தொட்டதே இல்ல."

"நான் மூட்டைக் கட்டுற ஆளு சார். கம்ப்யூட்டரு பக்கமே போகமாட்டேன்."

"எனக்கு ஸ்கேனெல்லாம் தெரியாதுங்க." இது ஜெசிந்தா (இனி ஜெ.).

சார்ட்டைப் பார்த்தார் கு.சா. சிவப்பு. தலையாட்டினார், அனுப்பினார். அவ்வளவுதான். தெரியாது என்ற ஒரு சொல்லில் இருபத்தோரு பேர் வெளியே வந்துவிட்டார்கள். உள்ளே மிச்சம் நான் ஒருத்தி. நான் எதைத் தெரியாது என்று சொல்வது? சுவரில் ஐந்து பொட்டு ஒட்டியிருக்கிறதே.

சாயந்திரம் கேட்டில் செக்யூரிட்டி அக்கா என் பையை மட்டும் திறக்கச் சொன்னார். டிபன் பாக்ஸைக்கூட மூடி திறந்து பார்த்தார். "தப்பா எடுத்துக்காத தாயி, மேலேர்ந்து சொல்லிருக்காங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பின்னால் பத்துப் பேர் வரிசையில். பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காரவில்லை, நின்றே வந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இவர், கயலின் அப்பா, கோயம்புத்தூரில் சிமெண்டு இறக்கிவிட்டுப் பேசினார். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன். லாரி ஓட்டுகிறவருக்கு ஸ்டேஷன் என்றால் என்னவென்று தெரியும்.

"எதுலயும் கையெழுத்துப் போடாத. போட்டியானா ஒத்துக்கிட்டதா ஆயிடும். நான் ஞாயித்துக்கெழமைக்குள்ள வரப் பாக்குறேன்" என்றார். மனசு கொஞ்சம் லேசானது.

இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"அரசி, நீ எடுக்கலல்ல?"

நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன்.

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கோவிச்சுக்காத."

கோபம் இல்லை. பதினெட்டு வருஷம் கூட இருந்த மனிதரே கேட்டால், திருச்சியிலிருந்து வருகிறவர் என்ன கேட்பார்? அதுதான் ஓடுகிறது மண்டையில்.

அக்டோபர் 11, சனி

லீவு எனக்கு. வரச் சொல்லிவிட்டார்கள். திருட்டுப் பட்டம் கட்டிய ஆளில்லாமல் லோடு நகரவில்லை. ஊர் பிரித்தல், மூட்டை கட்டுதல், நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோய் "அரசிம்மா, கொஞ்சம் வாங்க." போனேன், சரி செய்தேன். இப்போது அதற்கும் என் ஐடிதான் பதிவாகியிருக்கும் என்று பிறகுதான் தோன்றியது. எதைத் தொட்டாலும் என் பெயர் ஒட்டிக்கொள்கிறது. சுவரைப் பிடிக்கக்கூடப் பயம்.

மூன்றாம் தேதி நான் எங்கே நின்றேன்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள். மிஷினில் குங்குமம் அப்பியிருந்தது, கண்ணாடி மறைந்து லேபிள் எடுக்கவில்லை, யாரோ துப்பட்டாவால் துடைத்தார்கள். அவ்வளவுதான் ஞாபகம். இரண்டு நாள் லோடு ஒன்றாக வந்து விழுந்தது. ஒரே இடத்தில் நிற்கிறவளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன், இங்கேதான் நின்றேன் என்று.

அக்டோபர் 12, ஞாயிறு

இவர் வரவில்லை. பாலக்காட்டுக்கு லோடு ஏற்றிவிட்டார்களாம்.

எங்கள் துறைமங்கலம் சந்துக்குள் யாராவது பைக்கை நிறுத்தினால் உடம்பு தூக்கிப்போடுகிறது. காக்கி கலரில் ஈ.பி. ஆள் வந்தார். ரீடிங் எடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள் நான் கயலின் படிப்பு, என் அம்மா காதில் விழுந்தால் என்ன ஆகும், வீட்டு ஓனர் அம்மாள் காலி செய்யச் சொல்வாளா, எல்லா இடத்துக்கும் மனசில் போய்விட்டு வந்துவிட்டேன்.

"ஏம்மா பீரோவை மறுபடி மறுபடி தொறந்து பாக்குற?" கயல் கேட்டாள்.

நகை இருக்கா என்று பார்த்தேன் என்றேன். நான் தேடியது அந்த ஃபோன்களை. யாராவது என் பையில் போட்டுவிட்டிருந்தால்? அரிசி டிரம்முக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தேன். எடுக்காத பொருளை என் வீட்டில் நானே சோதனை போடுகிறேன். பைத்தியம் பிடிக்கத்தான் இனி பாக்கி.

அக்டோபர் 13, திங்கள்

திருச்சி ஆள் வந்துவிட்டார். சின்ன வயசு, மெதுவான பேச்சு, மூக்குக் கண்ணாடி. அதட்டுகிற ஆளாக இருந்தால் தேவலை.

"உங்களுக்கு அஞ்சு வேலையும் தெரியுமாமே. ரொம்ப நல்லது. அப்ப ஒரு பார்சல் எந்தெந்த எடத்துல காணாமப் போகலாம்னும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லீங்களா?"

தெரியும் என்றாலும் மாட்டுவேன், தெரியாது என்றால் பொய்.

நடந்ததை எழுதிக் கொடுங்கள், நாளை மறுநாள் வாங்கிக்கொள்கிறேன் என்று வெள்ளைத் தாள் ஒன்று கொடுத்தார். வெளியே வந்ததும் கு.சா. பின்னாலேயே வந்தார். "அந்த டேப்பு வெவகாரத்தை எழுதாதீங்கம்மா. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. நான் உங்களைப் பாத்துக்குறேன்." கும்பிடுகிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டார். அவருக்கும் பயம்தான். ஆனால் அவர் பயத்தையும் சேர்த்து நான்தான் சுமக்க வேண்டுமாம்.

தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. டேப்பை எழுதினால் கு.சா. விரோதம். எழுதாவிட்டால் எல்லாம் நான் செய்ததாக ஆகும்.

அக்டோபர் 14, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டியது. வியர்த்துக் கொட்டுகிறது.

மதியம் வாசலிலிருந்து டிரைவர் கத்தினார்: "பளூர் மூட்டை ஏத்துங்கப்பா." இரண்டு ஆட்கள் இரண்டு வேறு மூட்டையைத் தூக்கினார்கள். ஒன்று கீழப்பழுவூர், இன்னொன்று தா.பழூர். "எந்தப் பளூருண்ணே?" என்று ஒருவன் கேட்டான். அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கம் யாரும் கீழப்பழுவூர் என்று முழுசாகச் சொல்வதில்லை. பளூர். தா.பழூர்க்காரர்களுக்கு அவர்கள் ஊர் பளூர். நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், வாயில் மட்டும் இரண்டும் ஒரே ஊர்.

மூன்றாம் தேதி முழுசாக ஞாபகம் வந்தது. நான் கம்ப்யூட்டரில். ஜெ. என் ஐடி போட்டு ஸ்கேன் மிஷினோடு. குங்குமத்தைத் துப்பட்டாவால் துடைத்தவள் அவள்தான். லேபிள் முனை கிழிந்த மூன்று பெட்டிகள். "அக்கா, இது எந்த ஊருன்னு அங்க காட்டுதா?" நான் தலையைத் தூக்காமல் "பளூர்ல போடு" என்றேன். நான் சொன்னது என் ஊர். அவள் போட்டது அவள் ஊர்.

ஜெ.யிடம் போய் மெதுவாகச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "ஆமாக்கா. நான்தான் போட்டேன். பளூருன்னீங்களே." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பேரச் சொல்லிராதீங்கக்கா. எனக்கு அந்த மேஜையை விட்டா ஒண்ணுமில்ல. ஏலாக்குறிச்சி மாதாவுக்கு வேண்டிக்கிறேன்."

தா.பழூர் ஆபீஸில் லிஸ்டில் இல்லாத பார்சல் வந்தால் ஓரமாக வைத்துவிட்டு அன்றன்று எண்ணிக்கை அனுப்புவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் பார்க்க என் ஐடிக்குத் திறக்கும். கு.சா. டீ குடிக்கப் போன நேரம் திறந்தேன். மூன்றாம் தேதியிலிருந்து: மூன்று.

திறந்த பிறகுதான் புத்தி வந்தது. நான் திறந்து பார்த்ததும் பதிவாகியிருக்குமே. ஒளித்து வைத்தவளுக்குத்தானே எங்கே இருக்கிறது என்று தெரியும் என்று கேட்டால்? இந்த வேலை ஒன்று தெரியாமல் இருந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். இப்போது தெரிந்ததைச் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். ஐந்து மணி வரை சொல்லவில்லை.

அக்டோபர் 15, புதன்

விடியலிலிருந்து மழை. குடோன் தகரத்தில் பேச்சே கேட்காத அளவு சத்தம். மக்காச்சோளக் காட்டுத் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, பஸ் லேட்.

காலையில் சொல்லிவிட்டேன். கண்ணாடி ரூமில் கு.சா.வும் திருச்சி ஆளும். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மூன்று பார்சலும் தா.பழூரில் இருக்கிறது, லிஸ்டில் இல்லாத கணக்கில் கிடக்கிறது என்று.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டது: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நேற்று பயந்தது அப்படியே நடந்தது. ஜெ. பெயரை மட்டும் விட்டுவிட்டு பளூர் கதையைச் சொன்னேன். திருச்சி ஆளுக்குப் புரியவில்லை. "கீழப்பழுவூருங்கறீங்க, பளூருங்கறீங்க, ரெண்டும் ஒண்ணா வேறயா?" கு.சா.வும் வெளியூர், சேலத்துக்காரர். இரண்டு பேருக்கும் படம் போட்டுக் காட்டவேண்டியதாயிற்று. நான் எழுதிக் கொடுக்க வேண்டிய அந்த வெள்ளைத் தாளிலேயே போட்டேன். அரியலூர் இங்கே, கீழே இந்தப் பளூர், கிழக்கே ஜெயங்கொண்டம் தாண்டி அந்தப் பளூர். ரோடெல்லாம் பாம்பாக நெளிந்தது.

"கொண்டுவரச் சொல்லுவோம். பெட்டி பிரிஞ்சிருந்தா வேற மாதிரி போகும்" என்றார் திருச்சி ஆள்.

பெட்டி பிரிந்திருக்கக்கூடாது. பன்னிரண்டு நாள் அங்கே கிடந்திருக்கிறது. அங்கே யார் யார் கை பட்டதோ. மழை வேறு. பிள்ளையாரே, பிரிந்திருக்கக்கூடாது.

அக்டோபர் 16, வியாழன்

பதினொன்றரைக்கு வந்தன. தார்ப்பாய்க்கு அடியில், நனையாமல். மூன்றும் டேப் பிரியாமல் அப்படியே. பெட்டியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். யாருக்கோ வாங்கிய ஃபோனுக்கு நான் அழுகிறேன்.

விசாரணை முடியவில்லை. திருச்சி ஆள் பேனாவைத் திறந்தார். "மாத்திப் போட்டது யாருங்க?"

ஜெ.யைக் கூப்பிட்டிருந்தார்கள். லேபிள் முனை கிழிந்திருந்தது, அவள் மேஜைக்குப் போயிருக்க வேண்டிய பெட்டி என்பதால். எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு ஸ்கேன் தெரியாதுங்க சார்" என்றாள். நேராக அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். குரல் பிசகவில்லை.

நான் சொல்லிக்கொடுத்த கை அது. என்னைவிட வேகமான கை. அவளுக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லியிருந்தால் அனுமதியில்லாமல் கற்றுக்கொடுத்ததும் நான்தான் என்று வரும், டேப் வரும், கு.சா. வருவார். அதெல்லாம் யோசித்துத்தான் சும்மா இருந்தேனா, இரக்கப்பட்டா என்று தெரியவில்லை. பயம்தான்.

"என் தப்புதாங்க சார். அவசரத்துல மாத்திட்டேன்" என்றேன்.

எழுதிக்கொண்டார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் பேருக்கு. வேலை போகவில்லை. ஸ்டேஷன் இல்லை. கையெழுத்துப் போட்டேன், இவர் ஃபோனில் சொன்னதையும் மீறி.

போகும்போது திருச்சி ஆள் கு.சா.விடம் சொன்னது காதில் விழுந்தது. "ஒரே ஆளு கிட்ட எல்லா வேலையும் இருக்கறது ரிஸ்க்குங்க. இன்னொரு ஆளையாவது அதே மாதிரி ரெடி பண்ணுங்க."

ஜெ. பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் முன்னால். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தூறல். கயலுக்கு தீபாவளி டிரெஸ் தைக்கக் கொடுத்தது வாங்கணும். அதிரச மாவுக்கு வெல்லம்.

இவர் பேசினார். கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். "சரி விடு, வேலை இருக்குல்ல" என்றார்.

காலையில் கு.சா. என்னையும் ஜெ.யையும் மிஷின் பக்கத்தில் நிறுத்தினார். "அரசிம்மா, இவங்களுக்கு ஸ்கேன் சொல்லிக் குடுங்க. அப்புறம் ஒவ்வொண்ணா எல்லாத்தையும். உங்களை மாதிரியே ஆக்கிருங்க." கையைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றார்.

நாடகம் தொடங்கியது. மிஷினை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தெரியாதவள் மாதிரித் தலைகீழாகப் பிடித்தாள். "இப்படி இல்லம்மா, இந்தப் பக்கம்" என்று திருப்பினேன். "இந்தச் செவப்பு கோடு லேபிள் மேல விழணும், பாத்துக்க." "சரிக்கா." ஆறு மாதமாகத் தெரிந்ததை அவள் தெரியாததாகக் கேட்க, நான் புதுசாகச் சொல்ல, இரண்டு பேர் கையும் நடுங்குகிறது. கு.சா.வுக்கு அது கற்றுக்கொள்கிற நடுக்கமாகத் தெரிந்திருக்கும்.

பத்துப் பெட்டி வரை தடுமாறினாள். அதன் பிறகு கை தானாகப் போக ஆரம்பித்துவிட்டது. டிக், டிக், டிக் என்று. பழகிய கையை எப்படி அடக்குவது. நான் மெல்ல அவள் காலை மிதித்தேன், நிற்கவில்லை.

கு.சா. புருவத்தைத் தூக்கினார். இப்போது கேட்பார், இவங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா என்று. கேட்டால் நேற்று சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும், இரண்டு பேருக்கும்.

"பரவாயில்லையே. ஒரு மணி நேரத்துல புடிச்சுக்கிட்டாங்க. உங்களுக்கு ஒரு மாசம் ஆச்சுல்ல அரசிம்மா?"

ஆமாங்க சார் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். ஜெ. மிஷினைக் கீழே வைத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன்க்கா."

"நானுந்தான்."

நேற்றைக்குப் பிறகு நாடகத்துக்கு வெளியே நாங்கள் பேசிய முதல் பேச்சு.

அக்டோபர் 18, சனி

மழை இல்லை. நல்ல வெயில், ஈரமெல்லாம் காய்ந்துவிட்டது. தீபாவளிக் கடைசி லோடு. நாலு மணிக்கு குடோன் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. மூன்று வருஷத்தில் அந்தத் தரையை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறேன்.

ஜெ. இரண்டு நாளில் மூட்டை கட்டுவதும் பழகிவிட்டாள். கம்ப்யூட்டரில் பாதி. எனக்கு வருஷக்கணக்கில் வந்தது அவளுக்கு நாள் கணக்கில் வருகிறது. நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க நினைத்தேன் என்பதை மட்டும் எழுதிக்கொள்கிறேன். மறைத்தால் தப்பு நடக்கும், தப்பு நடந்தால் மறுபடி என் பெயர்தான் வரும் என்ற பயத்தில் மறைக்கவில்லை.

ஐந்து மணிக்கு எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ். கு.சா. எங்கள் இரண்டு பேரையும் தனியாக நிறுத்தினார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"தீபாவளிக்கப்புறம் லோடு கொறஞ்சுடும். ஆளையும் கொறைக்கச் சொல்லிட்டாங்க. எல்லாம் தெரிஞ்ச ஆளு எனக்கு ஒருத்தர் போதும், ரெண்டு தேவையில்ல. பொதன்கெழமை வாங்க, யாருன்னு பாத்துச் சொல்றேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. ஹேப்பி தீபாவளி."

சரிங்க சார் என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

அவருக்கு நான் வேண்டியவள்தான், பாத்துக்குறேன் என்றவர்தான். ஆனால் எச்சரிக்கைக் கடிதம் என் பேரில் இருக்கிறது. ஜெ.க்கு ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. வயதும் பதினொன்று குறைவு. பஸ் ஸ்டாப் வரை இதையேதான் கூட்டிக் கழித்தேன்.

பஸ்ஸில் ஜெ. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேர் மடியிலும் ஸ்வீட் பாக்ஸ். நான்கு ரோட்டில் அவள் இறங்கும் ஸ்டாப் வந்ததும் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"பொதன்கெழமை நீங்க எந்த பஸ்ஸுக்கா வருவீங்க?"

"எப்பவும் வர்ற ஏழரைதான்" என்றேன்.

"நானும் அதுலதாங்க்கா வருவேன்" என்றாள்.

ஆறரை பஸ் இருக்கிறது. அதில் போகணும்.